மங்கிய கார்: மெசின் பொலிஷா, புதுப் பெயின்றா?

மட்டக்களப்பில் பத்துப் பதினைந்து வருடம் வெயிலில் நின்ற கார்களுக்கு ஏறக்குறைய ஒரே நோய்தான். கதவுகள் ஓரளவு நிறத்தோடு இருக்கும். கூரையும் பொனட்டும் டிக்கியின் மேல்பக்கமும் வெளிறிப் போயிருக்கும். கையால் தடவினால் மாவு ஒட்டும், இல்லாவிட்டால் வெள்ளைத் திட்டுகள் தெரியும். "பொலிஷ் போட்டா வருமா, இல்ல பெயின்ற்தான் அடிக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டு நாலு இடத்தில் விலை விசாரிப்போம். விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்தத் தகட்டின் மேல் இன்னும் எவ்வளவு பெயின்ற் மிச்சம் இருக்கிறது என்பதுதான் அது. என்னைக் கேட்டால் முடிவில் முக்கால்வாசியை அதுவே தீர்மானித்துவிடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இப்போதும் வரியோடு சேர்ந்து வரும் விலையைப் பார்த்தால், பழைய விட்ஸையும் ஆல்டோவையும் கொரோலாவையும் இன்னும் பல வருடம் ஓட்டத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி ஓட்டப்போகும் வாகனத்தில் அவசரப்பட்டுக் கை வைக்கக் கூடாது. சுரண்டி எடுத்த பெயின்ற் திரும்பி வராது.

கம்பனியில் அடித்து வரும் பெயின்ற் முழுவதையும் சேர்த்தாலும் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் தடிப்புத்தான். ஒரு மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நாம் போட்டோக் கொப்பி எடுக்கும் தாள் ஒன்று ஏறக்குறைய 100 மைக்ரோன் இருக்கும். ஆக, அடிப்பூச்சான பிரைமர், நிறம், அதற்கு மேலே நிறமில்லாத கிளியர் எல்லாம் அப்படியான ஒன்று, ஒன்றரைத் தாளின் தடிப்புக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. இதில் கிளியர் மட்டும் 40, 50 மைக்ரோன். பளபளப்புக் கொடுப்பதும் வெயிலை மறிப்பதும் இந்தப் படைதான். புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்தை இதில்தான் கலந்திருக்கிறார்கள். பொலிஷ் போடுகிறோம் என்று சொல்லும்போது உண்மையில் நாம் செய்வது இந்தக் கிளியரின் மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சீவி, கெட்டதை எடுத்து, கீழே இருக்கும் நல்லதை வெளியில் கொண்டுவருவது.

பழைய வாகனங்கள் சிலவற்றில், முக்கியமாக வெள்ளை, சிவப்பு போன்ற தனி நிறங்களில், கிளியரே இருக்காது. நிறமும் பளபளப்பும் ஒரே படையில் இருக்கும். மெற்றாலிக், பேர்ள் நிறங்களுக்கு அநேகமாகக் கிளியர் கட்டாயம் இருக்கும். எது என்று தெரியாவிட்டால், மறைவான ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பொலிஷ் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் ஒரே படைப் பெயின்ற். வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணி எடுக்க வேண்டும்.

மங்குவதற்குக் காரணம் கடல் உப்பு என்று இங்கே பலரும் சொல்வார்கள். பெரிய குற்றவாளி வெயில். புற ஊதாக் கதிர் பெயின்றைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை உடைக்கிறது. பிசின் போனதும் நிறத்தூள் தனித்துவிடுகிறது. கையில் ஒட்டும் மாவு அந்தத் தூள்தான். உப்பு வேலையைக் காட்டுவது பெயின்ற் உடைந்து தகடு வெளித்தெரியும் இடத்தில். கல்லடி, நாவற்குடாப் பக்கம் கடற்கரையை அண்டி நிற்கும் வாகனங்களில் கல் பட்ட ஒரு சின்னக் காயம் சீக்கிரமே துருவாக மாறுவது அதனால்தான். வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் ஓடும் வாகனங்களுக்குப் பிரச்சினை கிறவல் வீதித் தூசி. அதைக் காய்ந்த துணியால் துடைக்கத் துடைக்க வட்ட வட்டமாகக் கீறல் விழும். இதோடு உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, துடைக்காமல் வெயிலில் காயவிட்டால் புள்ளி புள்ளியாக உப்புக்கறை பிடிக்கும். ஆரம்பத்திலேயே கவனித்தால், வெள்ளை வினாகிரியில் சம அளவு தண்ணீர் கலந்து துடைத்து உடனே நல்ல தண்ணீரால் கழுவினாலே இந்தக் கறையில் பெரும்பகுதி போய்விடும், பொலிஷே தேவைப்படாது.

சரி, உங்கள் கார் எந்த நிலையில் இருக்கிறது? காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. காலையில் நிழலில் காரைக் கழுவுங்கள். மங்கிய இடம் நனைந்திருக்கும்போது பாருங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய நிறம் ஆழமாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி வெளிறினால் நல்ல செய்தி. மேற்பரப்புத்தான் கெட்டிருக்கிறது, பொலிஷ் பிடிக்கும். நனைந்தபோதும் வெள்ளைத் திட்டு அப்படியே நின்றால், அல்லது திட்டின் ஓரத்தை நகத்தால் தடவும்போது ஒரு விளிம்பு தட்டுப்பட்டால், கிளியர் உரிந்துவிட்டது. அந்த இடத்தில் எந்த மெசினும், கொம்பவுண்ட் எனப்படும் எந்தத் தேய்ப்புப் பசையும் வேலை செய்யாது. இல்லாத படையைப் பொலிஷ் பண்ண முடியாது. ஓரத்தில் மெசின் பட்டால் உரிவு இன்னும் பெரிதாகும்.

தெரிவுகளைப் பார்ப்போம். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், பற்பசை என்று கைவைத்தியம் பல இருக்கின்றன. எண்ணெய் செய்வது அந்த நனைந்த சோதனை காட்டிய அதே மாற்றத்தைத்தான்: தூளை ஈரமாக்கி நிறத்தைக் காட்டும், இரண்டொரு நாளில் போய்விடும், அதற்கிடையில் தூசியையும் இழுத்துச் சேர்க்கும். இதை ஒரு தெரிவாகவே நான் எடுக்கவில்லை.

கையால் கொம்பவுண்ட் போட்டுத் தேய்ப்பது அப்படியல்ல. ஒரே படைப் பெயின்ற் உள்ள பழைய வெள்ளைக் காரில், பொறுமை இருந்தால், நல்ல பலன் கிடைக்கும். அந்தப் பெயின்ற் மென்மையானது, துணியில் வெள்ளையாக ஏறிக்கொண்டே வரும், கீழே பளபளப்பும் வரும். மிகவும் காய்ந்துபோன சிவப்பு என்றால் கிளேஸ் எனப்படும் எண்ணெய்ச்சத்து அதிகமுள்ள மினுக்குப் பூச்சை முதலில் தாராளமாகப் பூசி ஓர் இரவு ஊறவிட்டு, அடுத்த நாள் தேய்ப்பது நல்ல முறை. ஆனால் கிளியர் உள்ள காரில் கையால் தேய்ப்பது அவ்வளவு எடுபடாது. விரல் அழுத்தும் இடத்தில் அதிகமாகவும் மற்ற இடத்தில் குறைவாகவும் வெட்டும். கதவுக் கைபிடிக்குள் விழுந்த நகக்கீறல், கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்ன இடம் என்றால் கை போதும். முழுப் பொனட்டுக்குக் கையை நம்பினால் தோள்தான் நோகும்.

அடுத்தது நம் ஊரில் அதிகம் நடப்பது. சேர்விஸ் ஸ்டேஷனில் விட்டு "கட் அண்ட் பொலிஷ்" போடுவது. பெரும்பாலும் றோட்டரி மெசின். ஒரே அச்சில் சுற்றும், நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்றுவரை போகும். கம்பளி பேட் மாட்டி கடுமையான கொம்பவுண்ட் போட்டால் வெகு வேகமாக வெட்டும். நல்ல கை இருந்தால் இதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆழமான கீறலையும் பலமான மங்கலையும் இது எடுக்கும் நேரத்தில் வேறெதுவும் எடுக்காது. அவசரக் கையில் இதுவே ஆபத்து. ஒரே இடத்தில் நின்று சுற்றுவதால் சூடு ஏறும். பொனட்டின் மடிப்புக் கோடு, கதவின் விளிம்பு போன்ற இடங்களில் பெயின்ற் ஏற்கெனவே மெலிது. அங்கே சில விநாடி அதிகமாக நின்றாலே பிரைமர் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் பம்பர் சூட்டை வெளியே கடத்தாது, அதனால் அதன் பெயின்ற் இன்னும் சீக்கிரம் வெந்துவிடும். பட்டறையிலிருந்து வெளியே எடுத்த அன்று பளபளக்கும் கார், ஒரு வாரம் கழித்து மாலை வெயிலில் பார்த்தால் வளைவு வளைவாக நிழல் ஓடுவதும் உண்டு. கம்பளி பேட் விட்ட கீறல்களை அடுத்த கட்டத்தில் மென்மையான ஸ்பொஞ்சால் எடுக்காமல், எண்ணெய்ப் பசை உள்ள கிளேஸால் மூடிக் கொடுத்திருப்பார்கள். நாலு தடவை கழுவியதும் மூடி கரைந்துவிடும்.

இரும்பு வெட்டுகிற கிரைண்டரில் பொலிஷ் பேட் மாட்டி வேலை செய்கிற இடமென்றால் காரை விடாதீர்கள். அந்தச் சின்னக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடுவது. பெயின்றுக்கு அந்த வேகம் ஆகவே ஆகாது.

நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது டூயல் அக்ஷன் மெசினை. சுருக்கமாக டிஏ. பேட் சுற்றும்போதே அச்சைவிட்டு விலகி ஆடவும் செய்யும். அந்த ஆட்டத்தின் அளவு மெசினுக்கு மெசின் 8, 15, 21 மில்லிமீற்றர் என்று மாறும். ஒரு புள்ளியை ஒரே திசையில் திரும்பத் திரும்பத் தேய்க்காததால் சூடு குறைவு, வளைவுக் கீறலும் விழாது. விளிம்பில் அதிகமாக அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிடும். பழகாத கைக்கு அதுவே காவல். வேகம் குறைவு என்பதுதான் குறை. றோட்டரி அரை நாளில் முடிப்பதை இது ஒரு நாள், ஒன்றரை நாள் எடுக்கும். ஆனால் சொந்தக் காருக்குத்தானே செய்கிறோம். அண்ணன் தம்பி இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு மெசின் வாங்கினால் எல்லா வீட்டுக் காருக்கும் ஆகும்.

இதன் வேலைமுறை கடினமில்லை, ஒழுங்குதான் வேண்டும். முதலில் நன்றாகக் கழுவி, களிமண் கட்டி எனப்படும் கிளே பாரைத் தண்ணீர்ச் சோப்போடு தேய்த்து ஒட்டியிருக்கும் தூசி, இரும்புத் துகள், மரப்பிசின் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டு மெசினை வைத்தால் அந்த மண்ணையே பெயின்றில் அரைப்போம். பிறகு விளிம்புகள், றப்பர், கறுப்புப் பிளாஸ்டிக் மேல் மாஸ்கிங் டேப். பிளாஸ்டிக்கில் பொலிஷ் காய்ந்தால் வெள்ளையாகப் பிடித்து நிற்கும். பேடில் கடலை அளவு நாலைந்து துளி போதும். அரை மீற்றருக்கு அரை மீற்றர் இடத்தை மட்டும் எடுத்து, மெசினின் வேக எண்ணை நாலிலோ ஐந்திலோ வைத்து, நெடுக்காக ஒரு முறை குறுக்காக ஒரு முறை என்று மெதுவாகப் போக வேண்டும். கை வேகமாக ஓடினால் மெசின் வெட்டாது. பேடின் பின்தட்டில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால், அது சுற்றுகிறதா நிற்கிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

முதலில் மென்மையான பேட், மென்மையான பொலிஷோடு ஒரு சின்ன இடத்தில் பரீட்சித்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடுமையானதுக்குப் போங்கள். ஜப்பான் வாகனங்கள் பலவற்றின் கிளியர் மென்மையானது, முதல் படியிலேயே திருப்தி கிடைக்கும். மென்மையான பொலிஷ் ஒரு தடவைக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோன் அளவில்தான் எடுக்கும், கடுமையான கொம்பவுண்ட் அதைவிடச் சில மடங்கு. வாகனத்தின் வாழ்நாள் முழுவதுக்கும் சேர்த்தே பத்து மைக்ரோனுக்கு மேல் எடுக்காமல் இருப்பது பாதுகாப்பு. வருடா வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கட் அண்ட் பொலிஷ் போடும் பழக்கம் எனக்கு வயிற்றைக் கலக்குவது இந்தக் கணக்கால்தான்.

நேரமும் இங்கே முக்கியம். பங்குனியிலிருந்து புரட்டாதிவரை ஒன்பது மணிக்குமேல் வெளியில் நின்ற பொனட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பொலிஷ் போட்டவுடனே காய்ந்து தூளாகிப் பேடில் அடைக்கும். விடியற்காலையில், கூரைக்குக் கீழே தொடங்குங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கிற நாளில் திறந்த வெளியில் செய்யவே வேண்டாம். ஒரு மணல் துகள் பேடில் ஏறினால் அது போகும் இடமெல்லாம் கோடு இழுக்கும்.

எந்தத் தெரிவை எடுத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிகமாக மங்கியிருப்பது கூரையும் பொனட்டும், ஆகவே அதிகம் வெட்ட வேண்டியதும் அவற்றைத்தான். ஆனால் வெயில் தின்று கிளியர் பலவீனப்பட்டிருப்பதும் அங்கேதான். கதவுகளில் கிளியர் தாராளம், அங்கே வெட்டத் தேவையில்லை. முழுக் காருக்கும் ஒரே விலை பேசி ஒரே பேடால் ஒரே அழுத்தத்தில் ஓட்டிவிடும் வேலை இரண்டு பக்கமும் நட்டம். வேலைக்குக் கொடுப்பதானால் "கூரைக்கு என்ன செய்வீங்க, கதவுக்கு என்ன செய்வீங்க?" என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெயின்ற் தடிப்பு அளக்கும் மீற்றர் வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். தகட்டில் வைத்தால் மைக்ரோன் கணக்குக் காட்டும். பெரும்பாலான மீற்றர்கள் பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யா. 70, 80 என்று காட்டும் பொனட்டில் கடுமையான கொம்பவுண்டைத் தொடவே கூடாது. ஓரிடத்தில் மட்டும் 300, 500 என்று ஏறினால் அங்கே முன்னர் பெயின்ற் அடித்தோ புட்டி பூசியோ இருக்கிறார்கள். பழைய கார் வாங்கும்போதும் இந்த மீற்றர் உதவும்.

அப்படி மெலிந்த கூரையில் நான் முழுப் பளபளப்பைத் தேடமாட்டேன். மெல்லிய பொலிஷ் ஒரு தடவை, எண்பது வீதம் நிறம் திரும்பினால் அதோடு நிறுத்திவிட்டு மேலே சீலண்ட் எனப்படும் காப்புப் பூச்சு. மிச்சக் கீறல் கண்ணுக்குத் தெரிந்தாலும் கிளியர் இன்னும் சில வருடம் நிற்கும்.

இனிப் பெயின்ற் அடிப்பது. கிளியர் உரிந்த பாகத்துக்கு வேறு வழியில்லை. ஆனால் உரிந்தது பொனட் மட்டும் என்றால் பொனட்டுக்கு மட்டும் அடியுங்கள். மற்றதைப் பொலிஷ் போட்டு எடுக்கலாம். இதிலும் ஒழுங்கு முக்கியம்: முதலில் மற்றப் பாகங்களைப் பொலிஷ் போட்டு உண்மையான நிறத்தைக் கொண்டுவந்த பிறகுதான் பொனட்டுக்கு நிறம் கலக்கக் கொடுக்க வேண்டும். மங்கிய கதவுக்கு ஒத்ததாகக் கலந்து அடித்துவிட்டு, பிறகு கதவைப் பொலிஷ் போட்டால் இரண்டும் வேறு வேறு நிறமாக நிற்கும். பொனட்டுக்கு அருகிலுள்ள பாகத்தில் நிறத்தை மெல்ல மங்கவிட்டுக் கலந்து அடிக்கத் தெரிந்த பெயின்றர் கிடைத்தால் இன்னும் நல்லது.

என்ன பெயின்ற் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மலிவாகச் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் என்.சி., அதாவது நைட்ரோசெல்லுலோஸ். சீக்கிரம் காயும், நம் வெயிலில் சீக்கிரம் மங்கவும் செய்யும். இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பெயின்றுக்கு விலை அதிகம், ஆயுளும் அதிகம். மாரியில், அதாவது ஐப்பசியிலிருந்து தை வரை, காற்றில் ஈரம் ஏறி நிற்கும்போது என்.சி. அடித்தால் மேற்பரப்பு வெண்மையாகப் பூத்துவிடும். 2கே அடிக்கிற தம்பிமாரின் ஹார்ட்னரில் ஐசோசயனேற் என்ற இரசாயனம் இருக்கிறது, அது நுரையீரலைக் கெடுக்கும். முகத்தில் வெறும் துணியைக் கட்டிக்கொண்டு அடிப்பதைப் பார்க்க மனம் கேட்பதில்லை. நல்ல மாஸ்க்கும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தவறில்லை.

முழுக் காருக்கும் பெயின்ற் என்பது கடைசித் தெரிவு. செலவு பொலிஷைப்போலப் பல மடங்கு. விற்கும்போது "ஒரிஜினல் பெயின்ற்" என்ற சொல்லும் போய்விடும், வாங்குபவர் எங்கே அடிபட்டது என்று தேடத் தொடங்குவார். நிறத்தையே மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

செரமிக் கோட்டிங்கை மங்கிய பெயின்றுக்கு மருந்தாக விற்கிறார்கள். அது மருந்தல்ல. சரியாகப் பொலிஷ் போட்ட பெயின்றின் மேலே ஓரிரு மைக்ரோன் தடிப்பில் நிற்கும் மூடி. அழுக்கு இலகுவில் பிடிக்காது, கழுவுவது சுலபம், வருடக் கணக்கில் நிற்கும். மங்கலின் மேலே பூசினால் மங்கலும் சேர்ந்தே வருடக் கணக்கில் நிற்கும். ஸ்டிக்கர் ரப் ஒட்டி மறைப்பதற்கும் இதே பதில், இன்னும் ஒரு படி மோசமாக. உரியத் தொடங்கிய கிளியரின் மேல் ஒட்டிய ரப்பைப் பிறகு கழற்றும்போது கிளியரையும் இழுத்துக்கொண்டுதான் வரும்.

ஆக, என் வரிசை இப்படி. கிளியர் முழுதாக இருக்கும் பத்து வருட விட்ஸ், ஆல்டோ என்றால் டிஏ மெசின், மென்மையான பொலிஷ், மேலே சீலண்ட். வேறு எதுவும் வேண்டாம். மாவு கொட்டும் பழைய ஒரே படை வெள்ளை என்றால் கையோ டிஏயோ, இரண்டும் சரி, ஆனால் மேலே கட்டாயம் எதையாவது பூச வேண்டும், அந்தப் பெயின்றுக்குச் சொந்தமாகக் காவல் கிடையாது. பொனட்டிலோ கூரையிலோ உரிந்த மெற்றாலிக் என்றால் அந்தப் பாகத்துக்கு மட்டும் 2கே, மிச்சத்துக்கு டிஏ. நாலு பக்கமும் உரிந்து துருவும் தொடங்கிய வேன் என்றால் முதலில் துருவை வெட்டி எடுக்கும் வேலை, அழகு பிறகு. றோட்டரியை நான் ஏற்பது, அதைப் பிடிப்பவர் முடித்துக் கொடுத்த கார் ஒன்றை, கழுவிச் சில வாரம் ஆன பிறகு, வெயிலில் பார்த்த பின்தான்.

மேலே பூசுவதில் கார்னௌபா மெழுகு அழகு, ஆனால் நம் வெயிலில் சில வாரத்துக்குமேல் நம்ப முடியாது. பொலிமர் சீலண்ட் சில மாதம் நிற்கும், விலையும் தாங்கும், வீட்டிலேயே கையால் பூசலாம். பொங்கலுக்கு ஒரு தடவை, மாரி தொடங்க முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் போதும். ஆனால் இவை எதுவும் புற ஊதாக் கதிரைப் பெரிதாக மறிக்காது. மறிப்பது நிழல்தான். கிடுகுக் கொட்டிலோ தகரக் கூரையோ கூரைப் பெயின்றின் ஆயுளுக்கு எந்தப் போத்தலையும் விட அதிகம் செய்யும். துணிக் கவர் போடுபவர்கள் கார் சுத்தமாக இருக்கும்போது மட்டும் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். தூசிக் காரின் மேல் கவரைப் போட்டுவிட்டுப் போனால், கச்சான் காற்றில் அது அடித்து அடித்தே கிளியரை மங்கவைத்துவிடும். மாமரத்துக்குக் கீழே நிறுத்துவதும் நிழல்தான், ஆனால் காய்க்கிற காலத்தில் வௌவால் எச்சமும் பிசினும் விழும். விழுந்ததை அன்றே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுத் துடைத்துவிடுங்கள், காயவிட்டுச் சுரண்ட வேண்டாம்.